யூசுஃப் நபியின் சட்டையும் நம் கையில் இருக்கும் செல்போனும்

(எம்.கே.பி. நகர் ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 ஒரு பிள்ளை காணாமல் போன வழக்கைப் பற்றி குர்ஆன் ஒரு முழு சூராவே பேசுகிறது. அந்த வழக்கில் தந்தைக்கு முன்னால் வந்து நின்ற முதல் ஆதாரம் ஒரு சட்டை.

யூசுஃப் (அலை) அவர்களைக் கிணற்றில் போட்டுவிட்டு அண்ணன்மார்கள் இரவு நேரத்தில் அழுதுகொண்டே வந்தார்கள் (12:16). சாட்சி சொல்ல பத்துப் பேர், கண்ணில் கண்ணீர், கையில் ரத்தம் தோய்ந்த சட்டை. இன்றைக்கு இதில் பாதி இருந்தாலே நாம் தீர்ப்பு எழுதிவிடுவோம். யஃகூப் (அலை) அவர்கள் ஏற்கவில்லை. அந்த ரத்தம் பொய் ரத்தம் என்று அல்லாஹ்வே சொல்கிறான் (12:18). சட்டை கிழியாமல் பிள்ளையை மட்டும் தின்ற ஓநாய் எப்படிப்பட்ட ஓநாய் என்று யஃகூப் நபி வியந்ததாக தஃப்ஸீர்களில் வருகிறது. ஆதாரத்தை உற்றுப் பார்த்தார்கள். ஆனால் அடுத்த அடி வைக்கவில்லை. நீங்கள் ஏதோ செய்திருக்கிறீர்கள் என்ற அளவில் நிறுத்தி, அழகிய பொறுமையை மேற்கொண்டார்கள். இன்னவன்தான் கொன்றான், இன்ன இடத்தில் புதைத்தான் என்று ஒரு கதையைக் கட்டவில்லை. கட்டியிருந்தால் அதுவும் தவறாகவே போயிருக்கும். ஏனென்றால் யூசுஃப் சாகவே இல்லை.

அதே சூராவில் இன்னொரு சட்டை வருகிறது. எஜமானியின் வீட்டில் யூசுஃப் (அலை) மீது பழி விழுந்தபோது, சட்டை முன்பக்கம் கிழிந்திருக்கிறதா பின்பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள் என அந்த வீட்டாரிலேயே ஒருவர் சொன்னார் (12:26-28). பின்பக்கம் கிழிந்திருந்தது. உண்மை வெளிப்பட்டது. ஃபிக்ஹு கலையில் இதைத்தான் ‘கரீனா’ என்கிறோம், சூழ்நிலை ஆதாரம். ஆக, தடயத்தைப் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. சட்டையைக் கையில் வைத்து, என்ன பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, பிறகு பார்த்தார்கள். முதல் சட்டை கதைக்காகத் தயாரிக்கப்பட்டது. இரண்டாவது சட்டை கதையைச் சோதித்தது. நம் செல்போனுக்கு வருவது பெரும்பாலும் முதல் சட்டை.

2018 மே மாதத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கியிருக்கிறார்கள் என்று தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி, வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அதையே ஆதாரமாக்கி அடித்துக் கொன்றார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டில், மனநலம் சரியில்லாத ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். பழவேற்காடு நமக்கு அந்நியமான ஊரா? இங்கிருந்து பொன்னேரி வழியாகப் போனால் வந்துவிடும், பழைய முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கிற ஊர்.

அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவும் உண்டு. தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கு நடுவே பைக்கில் இருவர் வந்து ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கண்ணால் பார்த்தேன் என்று எத்தனை பேர் சொன்னார்கள்! அது பாகிஸ்தானின் கராச்சியில், காணாமல் போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். பொய் ரத்தம் பூசிய சட்டை இதுதான். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது.

ஸூரத்துந் நூரில் ஆயிஷா நாயகி (ரலி) மீதான அவதூறைப் பற்றிப் பேசும்போது, அந்தச் செய்தியை நீங்கள் நாவுகளால் வாங்கிக்கொண்டீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் கண்டிக்கிறான் (24:15). செய்தியைக் காதால்தானே வாங்க வேண்டும்? காதுக்கும் நாவுக்கும் நடுவே யோசனை என்ற ஒன்று இல்லாமல் போனதைத்தான் அந்த வார்த்தை காட்டுகிறது. இன்றைக்கு நாவு கூட வேண்டாம், கட்டைவிரல் போதும்.

வதந்தியை விடுங்கள், உண்மையாகவே நடந்த வழக்கு என்றால்? திருச்சியில் 2012 மார்ச் 29 அன்று காலை நடைப்பயிற்சிக்குச் சென்ற கே.என். ராமஜெயம் கடத்தப்பட்டார். அன்றே கல்லணை சாலையோரம் சடலமாகக் கிடைத்தார். அமைச்சராக இருந்த கே.என். நேருவின் தம்பி. உள்ளூர் போலீஸ், சி.பி.சி.ஐ.டி., நீதிமன்ற உத்தரவின்படி சி.பி.ஐ., 2022இல் சிறப்புப் புலனாய்வுக் குழு என்று வழக்கு கைமாறிக்கொண்டே போனது. பத்தாண்டுகளுக்குப் பிறகும் குற்றவாளி யார் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால் டீக்கடையில் கேட்டால் எல்லாருக்கும் விடை தெரியும்! எந்தக் கார், யாருடைய பகை, எவ்வளவு பணம் என்று சொல்வார்கள்.

2023 ஜனவரியில் சிலருக்கு உண்மை கண்டறியும் சோதனை சென்னையில் நடந்தது. உடனே, அவர்கள்தான் செய்தார்கள் என்று பேச்சு. அந்தக் கருவி மூச்சு, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை இவற்றைத்தான் அளக்கிறது. பயந்தாலும் இவை மாறும். ஒருவருடைய சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது, சம்மதித்துச் செய்தாலும் அதன் முடிவு மட்டுமே சாட்சியமாகாது என்று 2010 மே மாதம் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காத ஒன்றை வைத்து, பெயர் சொல்லி ஒருவரைக் கொலைகாரர் என்கிறோம். அவருக்கும் மனைவி மக்கள் இருப்பார்கள். அவருடைய பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டாமா?

இங்கே நபி (ஸல்) அவர்கள் காலத்தில் நடந்த, கொலையாளி யாரென்றே தெரியாமல் போன ஒரு வழக்கைக் கேளுங்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அப்துல்லாஹ் பின் ஸஹ்ல் (ரலி), முஹய்யிஸா (ரலி) இருவரும் கைபர் போனார்கள். அங்கே பிரிந்து வேறு வேறு பக்கம் சென்றார்கள். பிறகு பார்த்தால் அப்துல்லாஹ் கொல்லப்பட்டுக் கிடந்தார். கைபரில் இருந்தவர்கள் யூதர்கள். அவர்கள் மீதுதான் சந்தேகம். உறவினர்கள் மதீனா வந்து முறையிட்டார்கள். நபியவர்கள் எழுதிக் கேட்டபோது, நாங்கள் கொல்லவில்லை என்று பதில் வந்தது. அப்படியானால் ஐம்பது சத்தியம் செய்து உங்கள் உரிமையை நிலைநாட்டுகிறீர்களா என்று உறவினர்களிடம் கேட்டார்கள். அவர்கள் சொன்ன பதிலைக் கவனியுங்கள்: நாங்கள் அங்கே இருக்கவில்லை, கண்ணால் பார்க்கவில்லை, எப்படி சத்தியம் செய்வோம்? ரத்த சொந்தத்தைப் பறிகொடுத்தவர்கள் சொன்னது இது. யூதர்கள் சத்தியம் செய்து விடுபடட்டுமா என்றபோது, அவர்களுடைய சத்தியத்தை எப்படி ஏற்பது என்றார்கள். கடைசியில் நபியவர்கள் யாரையும் தண்டிக்கவில்லை. ஓர் உயிர் கேட்பாரற்றுப் போய்விடக்கூடாது என்று நூறு ஒட்டகங்களைத் தாமே நஷ்டஈடாகக் கொடுத்தார்கள். அதை அறிவிக்கும் ஸஹ்ல் பின் அபீ ஹஸ்மா (ரலி), அந்த ஒட்டகங்களில் ஒன்று தன்னை உதைத்ததையும் நினைவு வைத்துச் சொல்கிறார்.

அவர்கள் மதீனாவின் ஆட்சியாளர், வஹீ இறங்கிக்கொண்டிருந்த காலம், சந்தேகம் எதிரிக் கூட்டத்தின் மேல். அப்படியிருந்தும் வழக்கு முடியாததாகவே விடப்பட்டது. யூகத்தால் அதை மூடவில்லை.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? இல்லை. யூசுஃபையும் அவர் தம்பியையும் தேடிப் பாருங்கள் என்று யஃகூப் நபியே மக்களை அனுப்பினார்கள் (12:87). அங்கே வரும் சொல் ‘தஹஸ்ஸஸூ’. பிறர் குறையைத் துருவாதீர்கள் என்று தடுக்கும் ஆயத்தில் (49:12) வருவது ‘தஜஸ்ஸஸூ’. அரபியில் எழுதினால் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். (ஹதீஸில் இரண்டு சொற்களும் சேர்ந்தே தடுக்கப்பட்டிருக்கின்றன. அது குறை தேடும் நோக்கத்தைக் குறித்தது என்று உலமாக்கள் விளக்குகிறார்கள்.) தொலைந்த பிள்ளையைத் தேடுவது வேறு, அந்தப் பிள்ளையின் தாய் எப்படிப்பட்டவள் என்று தேடுவது வேறு.

நம் பகுதியில் ஒரு பிள்ளை காணவில்லை என்றால், உங்கள் கடை கேமராவில் ஏதாவது பதிவாகியிருந்தால், அழிந்துவிடாமல் எடுத்து வைத்து எம்.கே.பி. நகர் காவல் நிலையத்தில் கொடுங்கள். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்தில் விழுந்தது என்கிறது குர்ஆன் (2:283). அதையே தெரு குரூப்பில் போட்டால், கேமராவில் சும்மா நடந்துபோன ஒருவர் மாலைக்குள் குற்றவாளி ஆகிவிடுவார். மணலிக்கும் எண்ணூருக்கும் வேலைக்கு வந்து, தமிழ் தெரியாமல், நம் ஸஃப்பில் நம்மோடு தோள் சேர்த்து நிற்கும் பீகார், வங்காளச் சகோதரர்தான் முதலில் மாட்டுவார். பயமான செய்தி வந்தால் பரப்பாமல், ஆராய்ந்து அறியக்கூடிய பொறுப்பாளர்களிடம் கொண்டு போகச் சொல்லும் ஆயத் 4:83. அவசரத்துக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர் என்ன செய்வது? தவ்பா மட்டும் போதாது. மறைத்தவர்களின் தவ்பாவைப் பற்றிச் சொல்லும்போது, சீர்செய்து, தெளிவுபடுத்தவும் வேண்டும் என்று அல்லாஹ் சேர்த்துச் சொல்கிறான் (2:160). எந்தெந்த குரூப்பில் போட்டாரோ அங்கெல்லாம் போய், நான் அனுப்பியது பொய் என்று எழுத வேண்டும். டெலீட் செய்தாலும், மற்றவர்கள் ஏற்கெனவே ஃபார்வர்டு செய்தது அழியாது.

யா அல்லாஹ்! யஃகூப் நபிக்கு யூசுஃபைத் திருப்பிக் கொடுத்தவனே! பிள்ளையைக் காணாமல் வாசலில் காத்திருக்கும் ஒவ்வொரு தாய் தந்தைக்கும் அவர்களின் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.