கரண்ட் போனாலும் கோப்பு போகாமலிருக்க

அன்புள்ள தங்கைக்கு,

கணினியில் கோப்புகளை வைக்க மூன்று வழிகள் உண்டு. தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க், ஃபிளாஷ் சிப்புகளால் ஆன எஸ்எஸ்டி, ராம் நினைவகத்தையே டிரைவாகப் பயன்படுத்தும் ராம் டிஸ்க். பின்னிரண்டிலும் அசையும் பாகம் கிடையாது; இரண்டும் சிப்புதான். ஆனால் மழை வலுத்தாலே கரண்ட் போகும் நம் சடையங்குப்பத்தில் அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. அது தானே கசிந்துவிடும் என்பதால் வினாடிக்குப் பல முறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் நின்றால் புதுப்பிப்பும் நிற்கும், எழுதியதெல்லாம் அழியும். எஸ்எஸ்டியில் உள்ள நேண்ட் ஃபிளாஷ், மின்கடத்தாப் படலத்துக்குள் எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்கிறது. கணினியை அணைத்த பிறகும் அவை அங்கேயே இருக்கும். தோஷிபாவில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகாவும் அவருடைய குழுவினரும் 1987-ல் அறிவித்த முறை இது.

ராமைக் கொண்டே நிலையான டிரைவ் செய்துவிடவும் முயன்றார்கள். 2005-ல் கிகாபைட் நிறுவனம் ஐ-ராம் என்ற அட்டையைக் கொண்டுவந்தது. 4 ஜிபி வரை ராம் செருகலாம். கரண்ட் போனால் அட்டையிலிருந்த பேட்டரி சுமார் 16 மணி நேரம் தாங்கும். புயல் நாளில் அது எந்த மூலைக்குப் போதும்? வீடியோ எடிட்டிங் போன்ற வேலைகளில் வந்துபோகும் தற்காலிகக் கோப்புகளுக்கு ராம் டிஸ்க் உதவும், அவ்வளவே. காலியாக இருக்கும் ராமை விண்டோஸும் லினக்ஸும் கோப்புகளை வேகமாக எடுக்க ஏற்கெனவே பயன்படுத்திக்கொள்கின்றன. எனவே கூடுதல் ராம் வாங்கினால் அதை ராமாகவே விட்டுவிடுவது நல்லது.

மீதிப் போட்டி ஹார்ட் டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டிக்கும்தான். மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். தட்டில் தேடும் இடம் படிக்கும் முனைக்குக் கீழே வருவதற்கே சராசரியாக 5.6 மில்லிவினாடி ஆகும். அந்த முனை நகரும் நேரம் தனி. எஸ்எஸ்டி ஏறத்தாழ 0.1 மில்லிவினாடியில் தரவை எடுத்துவிடும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்க வேண்டியிருப்பதால் இந்த வித்தியாசம் அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பகால மடிக்கணினிகளில் இருந்தது ஹார்ட் டிஸ்க்தான். அண்ணனோ அக்காவோ பயன்படுத்திய அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தலாம். இணைப்பு முனையும் ஒன்றே, திருகுத் துளைகளும் ஒன்றே. சென்னை ரிச்சி தெருவில் இது எளிதாகக் கிடைக்கும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி இதைவிடப் பல மடங்கு வேகமானது. ஆனால் அதற்கான எம்.2 துளை இல்லாத பழைய மடிக்கணினியில் அது பயன்படாது. கடையில் காசு கொடுக்கும் முன் அந்தத் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எஸ்எஸ்டிக்கும் குறைகள் உண்டு. ஹார்ட் டிஸ்க் பழுதாகும் முன் பல நேரம் கடகடவென்று சத்தம் கொடுக்கும். எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடலாம். அழித்த கோப்பை அதிலிருந்து மீட்பதும் பெரும்பாலும் நடக்காத காரியம். எழுதி எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டியை மாதக்கணக்கில் கரண்ட் இல்லாமல் பெட்டிக்குள் வைத்தால் மின்னூட்டம் மெல்லக் கசிந்து தரவு கெடக்கூடும். ஆக, அன்றாட வேலைக்கு எஸ்எஸ்டி, நகல் எடுத்துவைக்க மலிவான வெளி ஹார்ட் டிஸ்க் என்பதே சரியான ஏற்பாடு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் எந்த வகை டிரைவும் தானாகத் தப்பாது. மதிப்பெண் பட்டியல், சான்றிதழ், குடும்பப் புகைப்படங்கள் இவற்றின் நகல் அடங்கிய டிஸ்க்கை மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டில் வைத்துவிடு, தங்கை. மழைக்காலம் தொடங்குமுன் செய்துவிடு.

அன்புடன்,
அண்ணன்