வெயில் இல்லாத பழக்காலம்

நெல்லைச் சீமையில் எதையாவது கெடாமல் வைக்க வேண்டுமென்றால் எல்லோரும் மொட்டைமாடியைத்தான் பார்ப்பார்கள். மோர்மிளகாய், சுண்டவத்தல், மாங்காய் வத்தல் எல்லாம் வெயில் பார்த்துப் பார்த்துத்தான் டப்பாவுக்குள் போகும். குற்றாலம் பக்கம் இந்தக் கணக்கு செல்லாது. ஜூன் பிறந்ததும் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று உள்ளே புகுந்துவிடும். ஆகஸ்டு முடிகிறவரை சாரல். மங்குஸ்தான், ரம்புட்டான், ஜாதிக்காய், குடம்புளி, நாவல் எல்லாம் பழுக்கிறதும் அதே நாட்களில்தான். கை நிறையப் பழம் இருக்கும்போது காயப் போட வெயில் இருக்காது. இலஞ்சியில் தென்னைகளுக்கு நடுவே இந்த மரங்களை வளர்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்தப் பழத்தை உடனே தின்ன வேண்டும், எதை உப்பில் போட வேண்டும், எதை அடுப்புப் புகையில் வைக்க வேண்டும் என்பதைப் பறிப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

குற்றாலச் சீசனுக்கு வருகிறவர்கள் ஐந்தருவிச் சாலையில் மங்குஸ்தான் வாங்கித் தின்றுவிட்டு, "கொட்டையைப் போட்டா முளைக்குமா?" என்று கேட்பார்கள். முளைக்கும். ஆனால் ஊருக்குக் கொண்டுபோய்ச் சாவகாசமாகப் போடலாம் என்று நினைத்தால் முளைக்காது. இந்த விதை காய்ந்தால் செத்துவிடும். சதையைக் கழுவிவிட்டு, நன்றாகத் திரண்ட விதையாகப் பார்த்து, ஈரம் போவதற்குள் மண்ணில் வைக்க வேண்டும். வேர் நேராகக் கீழே இறங்கும்; பக்கவேர் குறைவு. ஆகவே நீளமான பை வேண்டும், மாற்றி நடும்போது மண்கட்டி உடையக் கூடாது. நட்டு மூன்று நான்கு வருடம் நிழல் தேவை. நான் சுற்றிலும் வாழை வைத்தேன். காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும், சிலது பத்தையும் தாண்டும். பொறுமை இல்லாதவர்கள் கொய்யா வைப்பது நல்லது.

இதில் ஒரு நிம்மதி உண்டு. மங்குஸ்தான் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உண்டாகிறது. தாய்மரம் எப்படியோ கன்றும் அப்படியே. ஜாதிக்காயில் இந்த வசதி கிடையாது. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதைக்கன்று பூக்கிறவரை எது என்று தெரியாது. ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தபின் அது ஆண் என்று தெரிந்தால் வெட்டவும் மனம் வராது. ஜாதிக்கும் ரம்புட்டானுக்கும் ஒட்டுக்கன்றே சரி. மங்குஸ்தானுக்கு நீலகிரிச் சரிவில் கல்லாறு, பர்லியாறு அரசுத் தோட்டங்களின் கன்றுகளுக்கு நல்ல பேர் உண்டு. பர்லியாறு தோட்டம் 1871லேயே தொடங்கியது.

எங்கள் ஊர் ஈரமான ஊர் என்று எல்லோரும் நினைப்பதால் சொல்கிறேன், மார்ச் முதல் மே வரை இந்த மரங்களுக்குத் தண்ணீர் காட்டாமல் விட்டால் பிஞ்சு நிற்காது. தென்னை மட்டையும் சருகும் போட்டு அடிமரத்தைச் சுற்றி மூடி வைத்தால் பாதிக் கவலை தீரும். மூடாக்கு தண்டில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

பறிப்புதான் உண்மையான வேலை. மங்குஸ்தான் இளம்பச்சையாக இருந்து, மேலே செம்புள்ளி தெறித்து, பிறகு சிவந்து, கடைசியில் கருநாவல் நிறத்துக்கு வரும். செம்புள்ளி விழுந்தபின் பறித்தால் வீட்டில் வைத்தே பழுத்துவிடும். முழுவதும் கறுக்கட்டும் என்று மரத்திலேயே விட்டால் வௌவால் முந்திக்கொள்ளும், மழையும் கெடுக்கும். வறண்டு கிடந்த மரத்துக்குத் திடீரென்று பெருமழை கிடைத்தால் பழத்துக்குள் மஞ்சள் பால் கசிந்து சுளை கசக்கும். ஆகவே வானம் இருட்டிக்கொண்டு வரும் வாரத்தில் நான் செம்புள்ளிப் பழத்தையே ஆய்ந்துவிடுவேன்.

தொரட்டியில் வலைப்பை கட்டித்தான் பறிக்க வேண்டும். எங்கள் தோப்புக்குப் பறிக்க வருகிற பெரியவர் முதல் தடவையே சொன்னார்: "கொம்ப ஆட்டிராதீய அண்ணாச்சி, கீழ விழுந்த பழம் கல்லாப் போயிரும்." முழங்கால் உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபட்ட இடத்தில் தோல் இறுகிவிடும், பிறகு விரலால் பிளக்க முடியாது. வாங்கும்போதும் இதே சோதனைதான்: கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் தோல் கொஞ்சம் உள்வாங்க வேண்டும். அடியில் பூப்போல இருக்கும் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்பது தெரிந்துவிடும். இதழ் கூடக்கூடச் சுளை சிறுத்து, விதையும் குறையும். குளிர்சாதனப் பெட்டியில் போடாதீர்கள், அதிலும் தோல் இறுகும். ஓலைப்பெட்டியில் பரப்பி வைத்தாலே ஒரு வாரம் தாங்கும்.

ரம்புட்டான் பறித்தபின் பழுக்காது. நிறம் முழுதும் ஏறியபின் கொத்தோடு கத்தரிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் முடி கறுத்துவிடும், உள்ளே சுளை நன்றாக இருந்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். காய் திரளும்போதே வலை போட்டுவிடுவது நல்லது. வௌவால் கடித்த பழத்தில் கடித்த பக்கத்தை மட்டும் சீவிவிட்டுத் தின்னும் பழக்கம் கிராமத்தில் உண்டு. அதை அடியோடு விட்டுவிட வேண்டும். வௌவாலிடமிருந்து பரவும் நிபா காய்ச்சல் 2018இல் கோழிக்கோட்டில் வந்தது. 2021இல் மறுபடி வந்தபோது ரம்புட்டான் பழங்களையும் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். மலைக்கு அந்தப் பக்கம்தானே என்று இருக்க முடியாது, வௌவாலுக்குச் செங்கோட்டையில் சோதனைச்சாவடி கிடையாது.

இனி பதப்படுத்துவது. மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் கெடாமல் வைக்க மெனக்கெட வேண்டாம் என்பது என் கட்சி. சூடு பட்டதும் மங்குஸ்தானின் மணம் ஓடிவிடும். அக்கம்பக்கம் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.

ஜாதிக்காய் அப்படியில்லை. பழம் மரத்தில் வெடித்ததும் எடுத்து, கொட்டைமேல் இருக்கும் சிவப்பு ஜாதிபத்திரியைக் கிழியாமல் பிரித்து, கொட்டையையும் பத்திரியையும் அணையப்போகும் விறகடுப்புக்கு மேலே தட்டில் வைத்துக் காய வைக்க வேண்டும். சாரலில் ஒரு நாள் சும்மா கிடந்தாலே பூஞ்சை பூத்துவிடும். பூத்ததைத் துடைத்து எடுத்து வைக்காமல் எறிந்துவிட வேண்டும். பலர் வீசிவிடும் மஞ்சள் சதையில்தான் எங்கள் வீட்டு ஊறுகாய். துவர்ப்பு இறங்க ஓர் இரவு உப்புத் தண்ணீரில் கிடக்கட்டும். வடித்து, ஈரம் ஒற்றி, மிளகாய்ப் பொடி, காயம், கொஞ்சம் வினிகர் சேர்த்து, ஆறிய நல்லெண்ணெய் மேலே நிற்கும்படி ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் கல்லுப்பே நீர் விட்டிருக்கும், வெறும் சட்டியில் வறுத்துப் போடுங்கள். ஜாடியையும் வெந்நீரில் கழுவி அடுப்புச் சூட்டில் காய வைக்க வேண்டும். வெயிலுக்குக் காத்திருந்தால் செப்டம்பர் வந்துவிடும்.

குடம்புளி மங்குஸ்தானுக்குப் பங்காளி, ஒரே குடும்பம். விதையை எடுத்துவிட்டு ஓட்டைத் துண்டாக்கிப் புகையில் கறுக்கக் காயவிடுவார்கள். காய்ந்தது ஒரு கிலோ என்றால் 150 கிராம் உப்பும் 50 மில்லி தேங்காய் எண்ணெயும் பிசறி வைத்தால் மெதுவாகவே இருக்கும், பூச்சி அண்டாது. மழைக்காலத்துக்கென்றே கண்டுபிடித்த பக்குவம் இது.

நாவல் பழத்துக்குச் சர்க்கரை. மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துக் கொம்பை உலுக்கி, அன்றே வேலையை முடிக்க வேண்டும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் வேண்டாம். லேசாகச் சூடாக்கிக் கையால் பிசைந்தால் சதை பிரியும். மிக்சியில் போட்டால் கொட்டை உடைந்து கசக்கும். ஒரு லிட்டர் சாற்றுக்கு ஒன்றே முக்கால் கிலோ சர்க்கரையும் ஒரு லிட்டர் தண்ணீரும் பாகாக்கி, ஆறியபின் சாற்றோடு சேர்த்து, புளியங்குடி எலுமிச்சை நாலைந்து பிழிந்து கலந்து பாட்டிலில் அடைக்கலாம். பாட்டிலைக் குளிரில் வையுங்கள்.

நட்சத்திரப் பழமும் ஊறுகாய்க்கு அருமையானது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது விஷம் மாதிரி வேலை செய்யும். பாட்டிலைப் பரிசாகக் கொடுக்கும்போது அந்த வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் நடக்கிறதா என்று நான் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.