மின் துவிச்சக்கர வண்டிக்கு ஒரு மின்னேற்றி: நிலைமாற்றியும் முழு அலைச் சீராக்கலும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
தொடர்புடைய அலகுகள்: மின்காந்தத் தூண்டல், இலத்திரனியல், மின் வலுவும் சக்தியும்

அறிமுகம்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, சீனக்குடா எண்ணெய்க் குதங்களை அருகில் கொண்ட திருகோணமலையிலும் மக்கள் வரிசையில் நின்றனர். பலர் துவிச்சக்கர வண்டிக்குத் திரும்பினர். மின் துவிச்சக்கர வண்டியின் பயனும் அப்போது பலருக்குப் புரிந்தது. அவ்வண்டியில் தூரப் பயணம் செல்ல விரும்புபவர் முதலில் அறிய வேண்டியது அதன் மின்னேற்றியைப் பற்றியே. மாணவர்களே, நீங்கள் தனித்தனியாகக் கற்ற நிலைமாற்றி, இருவாயி, வலு ஆகிய மூன்றும் இக்கருவியில் ஒன்றுசேர்கின்றன.

1. மின்கல அடுக்கு

12 வோல்ற்று ஈய அமில மின்கல அடுக்குகள் மூன்றைத் தொடராக இணைத்தால் 36 வோல்ற்று கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 6 கலங்கள். எனவே மொத்தம் 18 கலங்கள். கொள்ளளவு 12 அம்பியர் மணி எனக் கொள்வோம்.

ஏற்றம் = 12 × 3600 = 43 200 கூலோம்
சக்தி = 36 × 12 = 432 வாற்று மணி

கவனிக்க: அம்பியர் மணி என்பது ஏற்றத்தின் அலகு, வாற்று மணி என்பது சக்தியின் அலகு. இவ்விரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள்.

2. மின்னேற்றியின் பகுதிகள்

(அ) படிகுறை நிலைமாற்றி: வீட்டு மின்வழங்கல் 230 வோல்ற்று, 50 ஏட்சு ஆடலோட்டமாகும். முதன்மைச் சுருளில் 1150 சுற்றுகள் இருப்பின், 36 வோல்ற்றைப் பெறத் துணைச் சுருளில் வேண்டிய சுற்றுகள் = 1150 × 36 ÷ 230 = 180.

(ஆ) பாலச் சீராக்கி: மின்கலத்தை ஆடலோட்டத்தால் மின்னேற்ற முடியாது. ஓட்டம் ஒரு திசையில் மட்டும் பாய வேண்டும். நான்கு சிலிக்கன் இருவாயிகளைக் கொண்ட பாலச் சுற்று, அலையின் இரு அரைப்பகுதிகளையும் ஒரே திசைக்குக் கொண்டுவருகிறது. இதுவே முழு அலைச் சீராக்கல். ஒவ்வொரு அரை அலையிலும் இரண்டு இருவாயிகள் முன்முகக் கோடலிலும் மற்றைய இரண்டு பின்முகக் கோடலிலும் இருக்கும். துவிச்சக்கர வண்டியின் தைனமோ தருவதும் ஆடலோட்டமே. 1990களில் மின்சாரமின்றி யாழ்ப்பாணத்தில் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலத்திலும் சீராக்கலின் தேவை இதுவே.

(இ) கட்டுப்பாட்டுச் சுற்று: ஓட்டத்தையும் அழுத்தத்தையும் எல்லைக்குள் வைத்திருப்பது. இப்பகுதி ஏன் தேவை என்பதைக் கீழே காண்க.

3. கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன நடக்கும்?

வோல்ற்றுமானி காட்டும் 36 வோல்ற்று ஆடல் அழுத்தத்தின் உச்சப் பெறுமானம் அதன் 1.4 மடங்கு, அதாவது ஏறத்தாழ 50.4 வோல்ற்று. ஓட்டம் இரண்டு இருவாயிகளினூடாகச் செல்வதால் 0.7 × 2 = 1.4 வோல்ற்று குறையும். எஞ்சுவது 49 வோல்ற்று.

ஈய அமிலக் கலமொன்றை மின்னேற்றும்போது ஏறத்தாழ 2.4 வோல்ற்றுக்கு மேற்செல்லக் கூடாது. 18 கலங்களுக்கு எல்லை = 18 × 2.4 = 43.2 வோல்ற்று. சீராக்கியை நேரடியாக இணைத்து இரவு முழுவதும் விட்டால் இந்த எல்லை தாண்டப்படும். அப்போது மின்பகுபொருளிலுள்ள நீர் மின்பகுப்படைந்து ஐதரசனும் ஒட்சிசனும் வெளியேறும். மூடிய அறையில் ஒரு தீப்பொறி போதும், வெடிப்பு ஏற்படும். ஆகவே நல்ல மின்னேற்றி என்பது ஓட்டத்தைக் கொடுப்பது மட்டுமன்று. உரிய நேரத்தில் அதைக் குறைக்கவும் அறிந்தது.

4. பயணக் கணக்கு

திருகோணமலையிலிருந்து கந்தளாய் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். மிதித்துக்கொண்டே செல்லும்போது கிலோமீற்றருக்கு 10 வாற்று மணி செலவாகும் எனக் கொள்க.

செல்லக்கூடிய தூரம் = 432 ÷ 10 = 43.2 கிலோமீற்றர்

கந்தளாயை அடையலாம், திரும்பி வரச் சக்தி இல்லை. ஈய அமில மின்கலத்தைக் கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கு ஓட்டத்தில், அதாவது 1.2 அம்பியரில் மின்னேற்றுவது பாதுகாப்பானது. கந்தளாயில் 3 மணித்தியாலம் மின்னேற்றினால் கிடைப்பது 3.6 அம்பியர் மணி. சக்தி = 36 × 3.6 = 129.6 வாற்று மணி. இது 13 கிலோமீற்றருக்கே போதும். முழுமையாக மின்னேற்றக் கணக்கின்படி 12 ÷ 1.2 = 10 மணித்தியாலம் வேண்டும்; சக்தி இழப்பினாலும் இறுதியில் ஓட்டம் குறைவதாலும் நடைமுறையில் இதைவிடக் கூடும். எனவே இரவு தங்கி மறுநாள் திரும்புவதே சரியான திட்டம். அவசரத்துக்காக ஓட்டத்தைப் பலமடங்காக்கினால் மின்கலம் சூடேறிப் பழுதடையும்.

5. பாதுகாப்பு – நினைவில் கொள்க

• இலிதியம் அயன் மின்கலத்துக்கு இந்த மின்னேற்றியைப் பயன்படுத்தவே கூடாது. 36 வோல்ற்று எனக் குறிக்கப்பட்ட இலிதியம் அடுக்கில் பொதுவாக 10 தொடர்கலங்கள் உண்டு. அதன் எல்லை 10 × 4.2 = 42 வோல்ற்று. ஈய அமிலத்துக்குச் சரியான 43.2 வோல்ற்றுக்கூட அதற்கு அதிகம். தீப்பற்றும்.
• 230 வோல்ற்று உயிரைப் பறிக்கும். மாணவர் தனியாக இச்சுற்றை அமைக்க வேண்டாம். ஆசிரியரோ தகுதியுள்ள மின்னியலாளரோ உடனிருக்க வேண்டும்.
• முதன்மைப் பக்கத்திலும் மின்கலப் பக்கத்திலும் உருகி இடுக. உலோகப் பெட்டிக்குப் புவித்தொடுப்புக் கொடுக்க.
• காற்றோட்டமான இடத்தில் மின்னேற்றுக.
• துறைமுகப் பகுதியின் உப்புக் காற்றில் முடிவிடங்கள் விரைவில் அரிக்கப்படும். துடைத்துக் கிறீஸ் பூசுக.

பயிற்சி வினாக்கள்

1. முதன்மைச் சுருளில் 1150 சுற்றுகள் உள்ள நிலைமாற்றியிலிருந்து 12 வோல்ற்றைப் பெறத் துணைச் சுருளில் எத்தனை சுற்றுகள் வேண்டும்?
2. 43.2 வோல்ற்றில் 1.2 அம்பியர் வழங்கும் மின்னேற்றியின் பயப்பு வலு யாது?
3. நாளொன்றில் 13 மணித்தியாலம் மின்வெட்டு எனின், எஞ்சிய நேரத்தில் 1.2 அம்பியரில் வழங்கத்தக்க உச்ச ஏற்றம் எத்தனை அம்பியர் மணி?
4. பாலச் சீராக்கியில் ஓர் இருவாயி எரிந்து திறந்த சுற்றானால் பயப்பு அலை எவ்வாறு மாறும்?

விடைகள்

1. 60 சுற்றுகள்.
2. 51.84 வாற்று.
3. 11 × 1.2 = 13.2 அம்பியர் மணி.
4. ஓர் அரைப்பகுதி மட்டுமே கிடைக்கும். அரை அலைச் சீராக்கலாக மாறும். மின்னேற்ற ஏறத்தாழ இருமடங்கு நேரம் எடுக்கும்.