மறைக்க வேண்டிய குறையும் மறைக்கக் கூடாத அநியாயமும்



குழந்தைக்கு இழைத்த கொடுமை ஒன்று பத்திரிகையில் வந்துவிட்டால், அன்று கடைவீதியிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் வேறு பேச்சே இராது. "தூக்கில் போட வேண்டும்" என்பார் ஒருவர். "முச்சந்தியில் நிறுத்த வேண்டும்" என்பார் மற்றொருவர். நாமும் கல்லாவில் இருந்தபடி "ஆமாம், ஆமாம்" என்றிருக்கிறோம். மூன்றாம் நாள் பேச்சு சாமான் விலைக்குப் போய்விடும்.

கோபம் தவறல்ல. கோபத்தால் நன்மை விளைந்ததும் உண்டு. நம் நாட்டுப் பிள்ளைகள் பலரை, கைக்குழந்தைகள் உட்பட, பல ஆண்டுகள் கெடுத்துவந்த ஓர் ஆங்கிலேயனுக்கு 2016 ஜூனில் லண்டன் கோர்ட்டு 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. அவன் ஒப்புக்கொண்ட குற்றங்கள் 71. ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவன் என்ற வேஷத்தில் ஏழைக் குடும்பங்களில் நுழைந்தவன் அவன். மலேசிய மக்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே, 2017இல், பிள்ளைகள்மீது நடக்கும் பாலியல் குற்றங்களுக்கென்று தனிச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. புத்ராஜெயாவில் தனிக் கோர்ட்டும் ஏற்பட்டது.

அச்சட்டத்தில் நம்மவர் அறிய வேண்டியவை மூன்று. பெற்றோர், உறவினர், ஆசிரியர் போன்ற நம்பிக்கைக்குரியவரே குற்றம் செய்தால் தண்டனைக்கு மேல் 5 ஆண்டுவரை கூடுதல் சிறையும் பிரம்படியும் உண்டு. வேறு சாட்சி இல்லாவிட்டாலும், பிள்ளையின் சொல்லை மட்டுமே கொண்டு கோர்ட்டு தீர்ப்புச் சொல்லலாம். இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தும் போலீஸில் சொல்லாதவருக்கு 5,000 வெள்ளிவரை அபராதம்.

இந்தக் கடைசி விதிதான் நம் நெஞ்சில் தைக்கிறது. அறிந்தும் சொல்லாதவர் நம்மில் இல்லையா?

சொல்லாததற்கு நாம் மார்க்கத்தையே துணைக்கு அழைக்கிறோம். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற கருத்துள்ள ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அது உண்மையான ஹதீஸ். ஆனால் அதற்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நாம் பார்ப்பதில்லை. கெடுதி செய்பவர் என்று பேரெடுக்காத ஒருவர், எப்போதோ தவறி முடிந்துபோன பாவத்துக்கே இந்த மறைப்பு என்கிறார்கள். பிறருக்குத் தீங்கு செய்பவனை மறைக்காமல் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். மறைத்தால் அவனுக்குத் துணிச்சல் கூடும் என்பது அவர்களுடைய விளக்கம்.

"மரியாதையான மனிதர், முதல் தடவை" என்பார்கள். பிள்ளைக்குச் செய்த அநியாயம் அந்த மனிதருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் உள்ள விஷயமல்ல. அதில் பிள்ளையின் ஹக்கு இருக்கிறது. பிறருக்கு வரவேண்டிய பாக்கியை நம் பேரேட்டில் கோடு போட்டுத் தள்ளுபடி செய்ய நமக்கு ஏது அதிகாரம்? அந்நிஸா அத்தியாயம் 135ஆம் வசனமோ, பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு கட்டளையிடுகிறது.

இதை எழுத நமக்குத் தகுதி குறைவு. சுமார் 15 ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்த ஒருவரைப் பற்றி ஒரு தாய் அழுதுகொண்டு வந்து சொன்னார். ஐந்தாறு பேர் கூடினோம். "வெளியே தெரிந்தால் அந்தப் பையனுக்குத்தான் கேவலம்" என்றோம். அவருடைய சம்பளத்தைத் தீர்த்து, பஸ் செலவும் கொடுத்து, இரவோடிரவாக அனுப்பிவிட்டோம். பஸ் காசு கொடுத்தது நாம்தான். அவர் போய்ச் சேரும் ஊரிலும் பிள்ளைகள் இருப்பார்களே என்று எவருக்கும் தோன்றவில்லை. அந்தத் தாய் பிறகு நம் கடைக்கு வந்ததே இல்லை.

2024 செப்டம்பரில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் 20 இல்லங்களிலிருந்து 402 பிள்ளைகளைப் போலீஸார் மீட்டபோது ஊரே பதறியது. நமக்கோ அந்தப் பஸ் காசுதான் ஞாபகம் வந்தது.

பொய்ப் புகாராக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அதை விசாரிப்பது போலீஸாரின் வேலை. கேட்டதைக் கேட்டபடி கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு நம் வேலை முடிந்தது. கமிட்டி கூடி, பிள்ளையை நடுவில் உட்காரவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பது அதற்கு இரண்டாவது கொடுமை.

ஆகவே நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இவற்றை எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். மதரஸா அறைக் கதவுகளில் கண்ணாடி பதிக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் ஒரு பெரியவர் தனியே வைத்து ஓதிக் கொடுக்கக் கூடாது. புதிதாக வரும் உஸ்தாதைப் பற்றி அவர் முன்பிருந்த ஊரில் விசாரிக்க வேண்டும். நம்மிடம் யாராவது விசாரித்தால் நாமும் உண்மையைச் சொல்ல வேண்டும். இரவு பகல் எந்நேரமும் பேசக்கூடிய சர்க்காரின் தாலியான் காசே எண் 15999ஐப் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதிவைக்க வேண்டும். பலகைச் செலவு நம்முடையது.