இரண்டு கதவு, முப்பதாயிரம் டாலர்

கேள்வி: சொந்த ஊர் கோயம்புத்தூர். இப்போது டொராண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறேன். ஊரில் இருந்தபோது கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் பந்தயம் பார்க்கப் போவேன்; அப்போதிருந்தே இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை. கையில் 30,000 கனடா டாலர் இருக்கிறது. டொயோட்டா 86 அல்லது சுபாரு பிஆர்இசட் என்று மனதில் முடிவு செய்திருக்கிறேன். புதுசு வாங்குவதா, பழசு போதுமா? சுபாரு என்றால் பனியில் பயமில்லை என்கிறார்களே, உண்மையா? அதே காசுக்கு மஸ்டாங் வாங்கு என்கிறான் நண்பன். இதற்கிடையில் மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று அடிமாட்டு விலைக்கு வந்திருக்கிறது.

பதில்: பனி விஷயத்தை முதலில் தீர்த்துவிடலாம். சுபாருவின் மற்ற கார்கள் நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுப்பவை என்று பெயர் வாங்கியவை. பிஆர்இசட் அந்தக் குடும்பத்தில் பிறந்த விதிவிலக்கு. அதில் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் இழுவை. டொயோட்டா 86ம் அப்படியே. இரண்டும் ஒரே கார்தான் என்றே சொல்லலாம். இரு நிறுவனங்களும் சேர்ந்து வடிவமைத்து, ஜப்பானின் குன்மா மாகாணத்தில் சுபாரு ஆலையில் செய்தவை. படுக்கைவாட்டில் கிடக்கும் நான்கு சிலிண்டர் பாக்ஸர் இன்ஜின் சுபாருவுடையது, எரிபொருள் தெளிக்கும் தொழில்நுட்பம் டொயோட்டாவுடையது. ஆகவே பனிக்காலத்துக்காக ஒன்றைவிட்டு மற்றொன்றைத் தேர்வதில் அர்த்தமில்லை. விளம்பரங்களில் தேடும்போது மூன்றாவது பெயர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: சயான் எஃப்ஆர்-எஸ். 2012ல் வட அமெரிக்காவுக்கு வந்தபோது டொயோட்டாவின் கார் அந்தப் பெயரில்தான் விற்றது. 2016ல் சயான் என்ற பிராண்டையே டொயோட்டா மூடியதும் அது 86 ஆனது.

வசதியான விலையில் ஸ்போர்ட்ஸ் கார் என்ற எண்ணம் புதிதல்ல. 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு அறிமுகப்படுத்திய மஸ்டாங்கின் விலை 2,368 டாலர். அடியில் இருந்தது ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் கார். மேலே கவர்ச்சியான உடல், அவ்வளவுதான். முதல் வருடத்திலேயே நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. 86ன் தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாதா போனது வேறு வழி. எடையைக் குறைத்தார், இன்ஜினைத் தாழ்வாக உட்கார வைத்தார், 200 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொண்டார். டயர் விஷயத்தில் அவர் செய்ததைப் பலர் இன்றும் நம்புவதில்லை: சிக்கனத்துக்குப் பெயர்போன பிரியஸில் வரும் அதே ரகத்து 17 அங்குல மிஷலின் டயர்களையே மாட்டினார். பிடிப்பு குறைவு என்பதால் நகர வேகத்திலேயே கார் பின்புறம் லேசாக நெளியும், ஓட்டுபவருக்குக் காரின் சுபாவம் புரியும். அசுர வேகத்தில் போனால்தான் இன்பம் என்ற கட்டாயம் இந்தக் காரில் இல்லை. கோயம்புத்தூர் வாசகரின் தேர்வில் குறை சொல்ல ஏதுமில்லை.

இனி புதுசா பழசா என்ற கேள்வி. 2022 மாடலாக வந்த இரண்டாம் தலைமுறை, அதாவது ஜிஆர்86ம் புதிய பிஆர்இசட்டும், 2.4 லிட்டர் இன்ஜின், 228 குதிரைத்திறன் கொண்டவை. பழைய 2 லிட்டர் இன்ஜினில் 3,500 முதல் 4,500 ஆர்.பி.எம். வரை ஒரு சோர்வு உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் இழுவை உள்வாங்கும். அதன் உச்ச இழுவை கிடைப்பது 6,400க்கு மேல். புதியதில் அது 3,700லேயே வந்துவிடுகிறது. ஓட்டிப் பார்த்தால் எவருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் புதிய கார் ஒன்று சரக்குக் கட்டணம், 13 சதவீத வரி எல்லாம் சேர்ந்து வீடு வந்து சேரும்போது 40,000 டாலரை ஒட்டிவிடும். ஓரிரு வருடம் ஓடியதை வாங்கலாமே என்று தோன்றும். இந்த ரகக் கார்கள் அவ்வளவு சீக்கிரம் விலை இறங்குவதில்லை. கொஞ்சம்தான் மிச்சமாகும், உத்தரவாதத்திலும் பாதி கரைந்திருக்கும்.

விலை இறங்காததற்குக் காரணம், இப்படிப்பட்ட கார்களே அருகி வருவதுதான். ஹோண்டா சிவிக் கூபே 2020ல் நின்றது. டாட்ஜ் சாலஞ்சரும் செவர்லே கமாரோவும் 2023 டிசம்பரில் ஆலையைவிட்டுக் கடைசியாக வெளியேறின. பிரிட்டனில் ஜிஆர்86க்கு முன்பதிவு திறந்தபோது முதல் ஒதுக்கீடு முழுவதும் 90 நிமிடத்தில் தீர்ந்தது. ஐரோப்பாவின் புதிய பாதுகாப்பு விதிகளுக்காக மாற்றியமைப்பது கட்டுப்படியாகாது என்று 2024ல் அங்கு விற்பனையையே டொயோட்டா நிறுத்திக்கொண்டது.

எனவே 30,000 டாலர் வைத்திருப்பவருக்கு ஏற்றது 2017 முதல் 2020 வரையிலான முதல் தலைமுறைக் கார். 2017ல் சில திருத்தங்கள் நடந்தன. மேனுவல் கியர் காரின் திறன் 205 ஆனது. கியர் விகிதம் மாறியதால் அந்த நடுச் சோர்வும் ஓரளவு மறைந்தது. டயருக்கும் இன்சூரன்ஸுக்கும் காசு மீதமிருக்கும்.

2013 மாடல் மலிவாக வந்தால்? அங்கே கவனம் தேவை. வால்வு ஸ்பிரிங் உடையலாம் என்று 2018 நவம்பரில் அந்த வருடத்துக் கார்களை இரு நிறுவனங்களும் திரும்ப அழைத்தன. சின்ன ஸ்பிரிங்தானே என்று நினைக்கக் கூடாது. பாக்ஸர் இன்ஜினில் அவற்றை மாற்ற இன்ஜினையே கீழே இறக்கிப் பிரிக்க வேண்டும். மறுபடி பூட்டும்போது பூசிய சீலன்ட் அளவுக்கு மீறிப்போய் எண்ணெய்ப் பாதையை அடைத்து, பழுது பார்த்து வந்த இன்ஜின்களே சில காலமாயின என்று அமெரிக்காவில் புகார்கள் எழுந்தன. அந்த வேலை நடந்ததா, எப்போது நடந்தது, அதன் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மூன்றையும் கேட்க வேண்டும். வேலை முடிந்து நீண்ட தூரம் ஓடிய கார் என்றால் நல்லது. காரின் அடையாள எண்ணான 17 இலக்க வின் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் நிலுவையில் உள்ள ரீகால் தெரிந்துவிடும்.

காரைப் பார்க்கப் போகும்போது, வருவதற்கு முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆறிய இன்ஜின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் ஆனதும் சில்வண்டு கத்துவதுபோல ஒரு சத்தம் வரலாம். அது உயர் அழுத்த எரிபொருள் பம்ப்பின் குரல், இந்த இன்ஜினின் பிறவிக் குணம்; பயப்பட வேண்டியதில்லை. கிளட்ச்சை மிதித்தாலும் விட்டாலும் மாறுகிற கிரீச் சத்தம் வேறு. அது ரிலீஸ் பேரிங் தேய்ந்ததன் அடையாளம், கியர்பாக்ஸை இறக்கினால்தான் மாற்ற முடியும். கியர் மேலிருந்து கீழே இறங்கும்போது உரசுகிறதா என்று குளிரில் ஒருமுறை, சூடானபின் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது முந்தைய உரிமையாளர் யார் என்பது. இந்தக் கார்களை வாங்குபவர்களில் பாதிப்பேர் சும்மா விடுவதில்லை. தாழ்த்துவார்கள், டர்போ பொருத்துவார்கள், கணினி நிரலை மாற்றுவார்கள், வாகன நிறுத்துமிடத்தில் வட்டம் போடுவார்கள். பின் சக்கர வளைவின் உள்பக்கம் ரப்பர் துணுக்குகள் ஒட்டியிருந்தாலும், டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தாலும் கதை தெரிந்துவிடும். மாற்றங்கள் செய்து, பின் விற்பதற்காகக் கழற்றிவிட்ட காரும் வரும். போல்ட் தலைகளில் கீறலைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். இன்ஜினில் கை வைத்த கார் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சக்கரம், சைலன்சர் போன்றவை மட்டும் மாறியிருந்து, கம்பெனிப் பாகங்களையும் சேர்த்துத் தருவதாக இருந்தால் யோசிக்கலாம்.

டொராண்டோவில் கூடுதலாக ஒரு பகை உண்டு: சாலையில் கொட்டும் உப்பு. சுதந்திரமாக இயங்கும் ஒரு மெக்கானிக்கிடம் காரைத் தூக்கிவைத்து அடிப்பாகம், பிரேக் குழாய், பின்பக்கச் சட்டம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வருடாவருடம் துருத்தடுப்பு எண்ணெய் அடித்த ரசீது வைத்திருக்கும் உரிமையாளர் கிடைத்தால் சில நூறு டாலர் கூடக் கொடுத்தாலும் தகும். பனிக்காலத்தில் காரை மூடி வைத்துவிட்டு இன்னொரு வண்டி ஓட்டியவரின் கார் அதைவிட மேல்.

ஒன்டாரியோவில் தனியாரிடம் வாங்கினால் வாகனத் தகவல் தொகுப்பை விற்பவர் தந்தாக வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாள்தான் செல்லும். பிரேக், விளக்கு, டயர் போன்றவற்றுக்கான குறைந்தபட்சத் தேர்வு அது, இன்ஜின் நலத்துக்கு யாரும் கொடுத்த உத்தரவாதம் இல்லை. விலையைக் குறைத்து எழுதி வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று விற்பவர் சொன்னால் காதில் வாங்க வேண்டாம். பேசிய விலை, ரெட் புக் என்ற கார் மதிப்பேட்டின் மொத்த விலை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் 13 சதவீதம். பதிவு பெற்ற டீலராக இருந்தால் விளம்பரம் செய்த விலைக்குமேல் வரி, உரிமக் கட்டணம் தவிர வேறெதையும் சேர்க்க முடியாது. ஆனால் கையெழுத்துப் போட்டபின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை அங்கே கிடையாது.

எல்லாவற்றுக்கும் முன்பாக இன்சூரன்ஸ். பிடித்த காரின் வின் எண்ணைக் கொடுத்து மூன்று இடத்தில் பிரீமியம் கேட்காமல் முன்பணம் கட்டக் கூடாது. ஸ்கார்பரோ அஞ்சல் குறியீட்டுக்குப் பிரீமியம் எப்போதும் கடுமை. உரிமம் வாங்கிச் சில வருடமே ஆனவருக்கு, அதுவும் இரண்டு கதவு காருக்கு, வரும் எண்ணைப் பார்த்தபின் ஆசை அப்படியே இருந்தால் மேலே போகலாம். வாங்கிய பிறகு செய்யும் மாற்றங்களையும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். 80 கிலோமீட்டருக்குக் குறைவான எல்லை உள்ள சாலையில் 40 கிலோமீட்டர் கூடுதலாகப் போய்ப் பிடிபட்டால் 2021 முதல் அங்கேயே 30 நாள் உரிமம் ரத்து, 14 நாள் கார் பறிமுதல். அதற்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் கேட்கும் தொகைக்கு இன்னொரு கார் வாங்கிவிடலாம்.

பனி டயர் நான்கு, தனிச் சக்கரங்களோடு, வாங்கத் தொகை ஒதுக்க வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகிவிடும். பனி டயர் போட்டால் ஒன்டாரியோவில் பிரீமியத்தில் தள்ளுபடியும் உண்டு. இந்தக் காரின் பின் இருக்கையில் பெரியவர் யாரும் உட்கார முடியாது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அதை மடித்தால் நான்கு டயர்கள் உள்ளே போகும். பந்தயத் தடத்துக்கு மாற்று டயர் கொண்டுபோக வசதியாக அப்படி வடிவமைத்தார்கள். டொராண்டோவில் அது டயர் மாற்றும் கடைக்குப் போக உதவும்.

நண்பர் சொன்ன மஸ்டாங் மோசமான யோசனை இல்லை. 2015ல் வந்த தலைமுறையின் 2.3 லிட்டர் டர்போ மஸ்டாங்குக்கு 310 குதிரைத்திறன். நெடுஞ்சாலையில் சொகுசு அதிகம், பழைய கார்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அகலமும் எடையும் கூடியது என்பதால் வளைவுகளில் 86 தரும் துள்ளல் வராது. நேர்ச் சாலையும் சத்தமும் பிடித்தவர்களுக்கு அது. ஆர்எக்ஸ்-8ஐ மட்டும் தொட வேண்டாம். 1.3 லிட்டர் ரோட்டரி இன்ஜின் சுழலும் விதம் அழகு, சந்தேகமில்லை. எண்ணெயைத் தானே எரித்துக்கொண்டு ஓடும்படி செய்யப்பட்டது அது. ரோட்டரின் முனையிலுள்ள அபெக்ஸ் சீல் தேய்ந்து அழுத்தம் குறைந்தால் இன்ஜினைப் புதுப்பிப்பதற்குக் காரைவிட அதிகம் செலவாகும். அமெரிக்காவில் மஸ்டாவே இன்ஜின் உத்தரவாதத்தை 8 வருடம், ஒரு லட்சம் மைல் என்று நீட்டிக்க நேர்ந்தது. அந்தக் காலமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது.

கேள்வி: ஹோண்டா பிரெலூட் திரும்பி வந்திருக்கிறதே, அதற்காகக் காத்திருக்கலாமா?

பதில்: 1978ல் தொடங்கி 2001ல் நின்ற பெயர் 2026 மாடலாக மீண்டும் வந்திருக்கிறது. சஸ்பென்ஷனில் சிவிக் டைப்-ஆர் பாகங்கள், 200 குதிரைத்திறன் ஹைப்ரிட். மேனுவல் கியர் இல்லை. கியர் மாறுவதுபோன்ற உணர்வைக் கணினி உண்டாக்குகிறது. அமெரிக்காவில் தொடக்க விலை 42,000 டாலர். தினமும் அலுவலகம் போய்வர, பெட்ரோல் மிச்சமாக, பார்க்க அழகாக ஒன்று வேண்டுபவருக்குப் பொருந்தும். 86 மனதில் இருப்பவர் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: மகன் கனடாவில் இப்படி ஒரு கார் வாங்கி, சில வருடம் ஓட்டியபின் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறேன் என்கிறான். நடக்குமா?

பதில்: நடக்காது. இந்தியாவுக்குள் வரும் பழைய கார் தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும், ஸ்டீரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். கனடாவில் விற்கும் 86ன் ஸ்டீரிங் இடப்பக்கம். வரியும் காரின் மதிப்பைத் தாண்டிவிடும். டொயோட்டா இந்தக் காரை இந்தியாவில் விற்கவும் இல்லை. இந்தியாவிலேயே விற்ற கூபே ஒன்று வேண்டுமென்றால், 2016 ஜூலையில் வலப்பக்க ஸ்டீரிங்கோடு 65 லட்சம் ரூபாய்க்கு வந்த 5 லிட்டர் மஸ்டாங்கைப் பழைய கார் சந்தையில் தேடலாம். அது முழுமையாக இறக்குமதியான கார். ஃபோர்டும் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021ல் அறிவித்து நிறுத்திவிட்டதால், வாங்கும் முன் அருகிலுள்ள சர்வீஸ் நிலையத்தில் பிரேக் டிஸ்க், கிளட்ச் இரண்டுக்கும் விலையும் காத்திருக்கும் நாளும் கேட்டுக்கொள்வது நல்லது.