மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லும் முறை

கூட்டுறவுச் சங்கத்தில் பணிபுரியும் குமாஸ்தாவுக்கு எஜமானர் யார் என்று கேட்டால், காரியதரிசி என்பர் சிலர். தலைவர் என்பர் வேறு சிலர். உண்மையில் அங்கத்தினர் அனைவருமே சங்கத்தின் உடைமையாளர்கள். அவர்களுக்காக நிர்வாகக் குழுவோ, அதன் ஸ்தானத்தில் தனி அலுவலரோ சங்கத்தை நடத்தி வர, காரியதரிசி அக்கட்டளைகளை நிறைவேற்றுகிறார். குமாஸ்தாவும் கிடங்குக் காப்பாளரும் விற்பனையாளரும் அவர் கீழ் வேலை செய்கின்றனர். ஆகவே ஒரு சிப்பந்தி தம் மேலதிகாரியிடம் சொல்லாமல் விட்ட செய்தி, தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரிடமிருந்தும் நெல்லை ஈடு வைத்திருக்கும் விவசாயியிடமிருந்தும் மறைக்கப்பட்ட செய்தியாகிவிடுகிறது.

நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் ஒன்றைப் பலகாலும் காண்கிறோம். பண்டிகைக் கால விற்பனை நன்றாக நடந்தது என்னும் செய்தி அன்று மாலையே தலைவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இருப்பில் குறைவு உண்டு என்னும் செய்தியோ, ஆண்டு முடிவில் தணிக்கையாளர் வந்து மூட்டையைத் தராசில் ஏற்றச் சொல்லும் வரையில் கிடங்கின் மூலையிலேயே கிடக்கிறது. சிப்பந்திகள் நேர்மையற்றவர்கள் என்று இதற்குப் பொருளன்று. அவர்களிற் பெரும்பாலோர் யோக்கியர்களே. சொன்னால் கோபிப்பார், பழி நம் தலையில் விழும், அடுத்த மாதம் எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்னும் எண்ணம் அவர்கள் வாயைக் கட்டிவிடுகிறது. அந்தச் சரிக்கட்டும் முயற்சியிலேதான் கேடு தொடங்குகிறது.

ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டே பார்ப்போம். அங்கத்தினர் ஒருவர் 40 கிலோ மூட்டைகளாக 25 மூட்டை நெல்லை விற்பனைச் சங்கக் கிடங்கில் வைத்து ஈட்டுக் கடன் பெறுகிறார். மொத்த எடை 1,000 கிலோ. அரசாங்கக் கொள்முதலில் வழக்கமாக அனுமதிக்கப்படும் 17 சதவீத ஈரம் அந்நெல்லில் இருப்பதாகக் கொள்வோம். அதாவது தண்ணீர் 170 கிலோ. உலர்ந்த பொருள் 830 கிலோ. கோடையில் ஈரம் 14 சதவீதத்துக்கு இறங்கிற்றானால், அந்த 830 கிலோ மொத்த எடையில் நூற்றுக்கு 86 பங்காகிவிடும். அப்போது நெல்லின் எடை ஏறக்குறைய 965 கிலோ. ஒரு மணியும் களவு போகவில்லை. ஆயினும் 35 கிலோ காற்றோடு போயிற்று.

நூலின் கதையும் இதுவே. பருத்தி நூல் வாணிபத்தில் உலர்ந்த எடை 100 கிலோவுக்கு 8.5 கிலோ ஈரம் சேர்த்துக் கணக்கிடுவது மரபு. அவ்வாறு வரவு வைத்த 108.5 கிலோ நூல், வெப்பம் மிகுந்த கிடங்கில் 5 கிலோ ஈரத்தோடு நிற்குமானால் தராசு 105 என்றே காட்டும். மழைக்காலத்தில் எடை மீண்டும் ஏறும். (ஏறியதை யாரிடமும் சொல்லாமல், கோடைக் குறைவுக்கு ஈடாக இருக்கட்டும் என்று வைத்துக்கொள்ளும் சமர்த்தர்களும் உண்டு. அது தனியே எழுதவேண்டிய விஷயம்.)

அந்த 35 கிலோவை அன்றே எழுதித் தெரிவித்த காப்பாளரின் நிலை வேறு. எட்டு மாதம் கழித்துத் தணிக்கையில் அகப்பட்டவரின் நிலை வேறு. முன்னவரிடம் ஈரமானி காட்டிய அளவும் தேதியும் இருக்கின்றன. பின்னவர் விஷயத்தில் உலர்ந்தது எவ்வளவு, சிந்தியது எவ்வளவு, களவு போனது எவ்வளவு என்று பிரித்துரைக்க ஒருவராலும் இயலாது. முழுக் குறைவும் அவர் பெயரில் நிற்கும். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் 87-ஆம் பிரிவு, நம்பிக்கை மோசடியாலோ வேண்டுமென்றே செய்த கவனக்குறைவாலோ சங்கத்துக்கு நஷ்டம் விளைவித்தவரிடமிருந்து அத்தொகையைத் தண்டத்தீர்வையாக வசூலிக்க வழி செய்கிறது. அவர் அலுவலரானாலும் சிப்பந்தியானாலும் ஒன்றே. குறைவு எப்போது தெரிந்தது, யாரிடம் தெரிவிக்கப்பட்டது என்று விசாரணையில் கேட்கும்போது, ‘வாயால் சொன்னேன்’ என்னும் விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே எழுதித் தரவேண்டும். அதற்கு நீண்ட விண்ணப்பம் தேவையில்லை. கீழ்க்கண்ட அளவே போதும்:

‘ஐயா, 2-ஆம் கிடங்கிலுள்ள ஈட்டு நெல் 25 மூட்டை இன்று மறுநிறை செய்யப்பட்டது. வரவு எடை 1,000 கிலோ, ஈரம் 17 சதவீதம். இன்றைய எடை 963 கிலோ, ஈரம் 14 சதவீதம். குறைவு 37 கிலோ. இதில் 35 கிலோ உலர்வு. 2 கிலோ, தையல் விட்ட இரண்டு மூட்டைகளிலிருந்து சிந்தியது. அவ்விரண்டையும் வேறு கோணிக்கு மாற்றவும், குறைவை நிர்வாகக் குழுவின் பார்வைக்கு வைக்கவும் உத்தரவு வேண்டுகிறேன்.’

இதில் முகஸ்துதி இல்லை, அழுகையும் இல்லை. நாம் காணும் குறிப்புகள் பல இதற்கு நேர்மாறானவை. அரைப் பக்கம் வணக்கமும் பணிவும் கூறி, கடைசி வரியில் ‘இருப்பு சிறிது குறைவாகத் தெரிகிறது’ என்று முடிந்துவிடும். ‘சிறிது’ என்பதை எந்தப் படிக்கல்லால் நிறுப்பது?

கிராமச் சங்கங்களில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. தலைவர் குமாஸ்தாவுக்கு மாமனாகவோ பெரியப்பாவாகவோ இருப்பார். வீட்டில் அவர் எதிரே உட்காரவும் தயங்குகிறவர், அலுவலகத்தில் அவரிடம் குறைவைச் சொல்லத் தயங்குவது இயல்பே. உறவுமுறை சொல்லி அழைப்பதில் குற்றமொன்றும் இல்லை. ‘மாமா, இருக்கிற நூல் பத்து நாளைக்குத்தான் தாங்கும்’ என்று நெசவாளர் சங்கக் குமாஸ்தா தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அச்செய்தி கட்டு எண்ணிக்கையோடு அன்றே குறிப்பேட்டிலும் ஏறவேண்டும். மரியாதையின் பொருட்டு அதைப் பத்தாம் நாள் வரையில் அடக்கி வைத்து, 60 தறிகள் 6 நாள் நின்றால் 360 தறி நாட்களின் கூலி போயிற்று. அந்தக் கூலியை நெசவாளருக்கு மீட்டுத் தர மரியாதையால் இயலாது.

வாய்மொழி உத்தரவு இதனினும் கடினமானது. தீர்மானம் இல்லாமல் ஒருவருக்கு முன்பணம் கொடுக்கும்படி தலைவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கத்தினர்கள் சூழ்ந்திருக்கையில் ‘விதியில் இடமில்லை’ என்று உரக்கச் சொல்லுவது அறிவன்று. தலைவருக்கு அது அவமானமாகப்படும், பிறகு விதியைப் பற்றி யார் பேசினாலும் அவர் காதில் ஏறாது. தனியே சென்று, துணைவிதி எண்ணைக் காட்டி, ‘தாங்கள் சொன்னதை இவ்வாறு குறித்திருக்கிறேன், அடுத்த கூட்டத்தில் வைத்துத் தீர்மானமானதும் பணம் கொடுத்துவிடலாமா, ஐயா?’ என்று கேட்கலாம். பெரும்பாலான தலைவர்கள் இதற்கு இசைவர். எழுத்தில் தம் பெயரைக் கண்டதும் சிலர் உத்தரவையே மறந்துவிடுவதுண்டு, அதுவும் நன்மையே.

இத்தனையும் சிப்பந்தி செய்தாலும், கேட்பவர் கேட்கும் முறையில் பாதிக் காரியம் இருக்கிறது. குறைவைச் சொன்னவுடன் ‘யார் செய்தது?’ என்று சீறுகிற காரியதரிசிக்கு, அடுத்த தடவை யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். எவ்வளவு, எப்போது தெரிந்தது, இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு, யார் என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். சொன்னவரையே முதற் குற்றவாளியாக நிறுத்திய ஒரு சங்கத்தில், பின்பு மூன்றாண்டு இருப்புப் பதிவேடு ஒரு கிலோவும் குறையாமல் அழகாக இருந்ததைக் கண்டோம். கிடங்கிலிருந்த சரக்குத்தான் அப்பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை.

இக்காலத்தில் பலரும் கைபேசியில் செய்தி அனுப்பிவிட்டு, தெரிவித்தாயிற்று என்று இருந்துவிடுகின்றனர். அவசரத்துக்கு அது உதவும். கைபேசி மாறினால் செய்தியும் போய்விடுமாதலால், அதன் சாரத்தை அன்றே குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது அவசியம். குறிப்பேடு பக்க எண்ணிட்ட தைத்த புத்தகமாக இருக்கட்டும். உதிரித் தாள் வேண்டாம். ஒவ்வொரு குறிப்பின் கீழும் மேலதிகாரி தேதியிட்டு ஒப்பமிட இரண்டு வரி இடம் விடவேண்டும். அவர் ஒப்பமிட மறுத்தால் வாதாட வேண்டியதில்லை. ‘இன்ன தேதியில் பார்வைக்கு வைக்கப்பட்டது’ என்று எழுதிச் சிப்பந்தி தம் ஒப்பத்தை இட்டு, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அவ்விஷயத்தைச் சேர்க்கும்படி காரியதரிசியிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளலாம்.