ஓர் அஞ்சலெண்ணின் இயல்புகள்

கரிசற் சீமையிலுள்ள கோவிற்பட்டிக்கு எழுதப்படும் கடிதங்களின் முகப்பில் 628501 என்னும் எண் காணப்படும். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நம் நாட்டில் ஏற்பட்ட அஞ்சற் குறியீட்டு முறைப்படி, இதன் முதல் மூன்று இலக்கங்கள் தூத்துக்குடிப் பகுதியையும், எஞ்சிய மூன்றும் அஞ்சலகத்தையும் குறிக்கும். கடிதத்தைக் கொண்டு சேர்ப்போர்க்கு இதற்குமேல் வேண்டுவதில்லை. கணிதம் பயிலும் நமக்கோ இவ்வெண் ஒரு நற்பாடமாகும்.

முதலாவது, இதன் காரணிகளை ஆராய்வோம். ஈற்றிலக்கம் 1 ஆதலின் 2, 5 ஆகியவை இதனை வகுக்கமாட்டா. இலக்கங்களின் கூட்டுத்தொகை 22 ஆதலின் 3உம் வகுக்காது. 7, 11, 13, 17 ஆகியவற்றால் வகுப்பின் மீதி நிற்கும். 19ஆல் வகுப்பின் மீதியின்றி 33079 கிடைக்கும். அதனை மீண்டும் 19ஆல் வகுப்பின் 1741 கிடைக்கும். 1741இன் வர்க்கமூலம் 42இனும் சிறிது. ஆகவே 41 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தலே போதும். ஒன்றும் வகுக்காமையால் அது பகா எண்ணேயாம்.

இனி, இவ்வெண் இரண்டு வர்க்கங்களின் கூட்டாகுமோ எனக் காண்போம். எந்த வர்க்கத்தையும் 4ஆல் வகுப்பின் மீதி 0 அல்லது 1 ஆகும். ஆதலால் இரு வர்க்கங்களின் கூட்டு ஒருகாலும் 3 என்னும் மீதியைத் தராது. 628503க்கு மீதி 3. எத்துணை முயலினும் அதனை அவ்வாறு பிரித்தல் இயலாது. 1741க்கோ மீதி 1. அத்தகைய பகா எண் ஒவ்வொன்றும் இரு வர்க்கங்களின் கூட்டேயாம் என்று 17ஆம் நூற்றாண்டில் பெர்மா கூற, 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவினார். 29, 30 ஆகியவற்றின் வர்க்கங்கள் 841, 900; இவற்றின் கூட்டு 1741. இரண்டையும் 19ஆற் பெருக்க 551, 570 வரும். அவற்றின் வர்க்கங்களாகிய 303601, 324900 இரண்டும் சேர்ந்து 628501 ஆதல் காண்க. 19க்கு மீதி 3. அது ஒருமுறை மட்டும் காரணியாக வந்திருப்பின் இது கைகூடாது. இருமுறை வந்தமையாலேயே கைகூடிற்று.

கரிசற் காட்டில் 551 அடிப் பக்கமுடைய சதுர நிலம் ஒன்றும், 570 அடிப் பக்கமுடையது ஒன்றும் இருப்பின், அவற்றின் மொத்தப் பரப்பு 628501 சதுர அடி. அதாவது 14 ஏக்கருக்குச் சற்று மிகுதி.

இவ்வகை ஆராய்ச்சி நம் தென்பாண்டிச் சீமைக்குப் புதிதன்று. தென்காசியை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்து, நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்ற சிவசங்கரநாராயண பிள்ளை, எந்த முழு எண்ணையும் 73க்கு மேற்படாத ஆறாம் படிகளின் கூட்டாக எழுதலாம் என்று 1940இல் நிறுவினார். 703 என்னும் எண்ணுக்கு அந்த 73உம் வேண்டும். 64 பத்து முறையும், 1 அறுபத்துமூன்று முறையும் வருதல் காண்க.

மாணவர்காள்! உங்கள் ஊரின் அஞ்சலெண்ணை எடுத்து முதலில் 4ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 3 எனில் இரு வர்க்கங்களைத் தேடி உழல வேண்டா. வேறு மீதியாயின் காரணிகளைக் காணுங்கள். தாளும் எழுதுகோலும் சிறிது பொறுமையுமே இதற்கு வேண்டும் கருவிகள்.